எழுபதைத் தாண்டிய பிறகு குடலிறக்கம்: அறுவையா, பொறுத்திருப்பதா?

"இந்த வயசுல எதுக்குங்க ஆபரேஷன்? இருக்குற வரைக்கும் இப்படியே ஓட்டிடலாம்." அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தால், இந்தப் பேச்சைக் கேட்காமல் எழுந்து வர முடியாது. சில சமயம் பெரியவரே சொல்வார். பெரும்பாலும் கூட வந்த மகனோ மருமகளோ சொல்வார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். வயது ஏற ஏற அறுவையின் ஆபத்தும் ஏறும், அதனால் தள்ளிப்போடுவதே பாதுகாப்பு என்பது அவர்கள் போடும் கணக்கு. குடலிறக்கத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாததால்தான், ஒரு மணி நேரத்தில் நிதானமாக முடிந்திருக்க வேண்டிய அறுவைக்குப் பலர் வாந்தியும் வயிற்று உப்பசமுமாக நடுராத்திரியில் வந்து சேர்கிறார்கள்.

தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்புக்குச் சற்று மேலே, வயிற்றுச் சுவருக்குள் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் சாய்வான ஒரு பாதை இருக்கிறது. ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது வயிற்றுக்குள் உருவாகும் விரைகள், பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் இந்தப் பாதை வழியாகத்தான் விரைப்பைக்கு இறங்குகின்றன. விரைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் ஆயுள் முழுக்க அதே வழியில் கிடக்கின்றன. ஆக, ஆண்களின் வயிற்றுச் சுவரில் பிறவியிலேயே ஓர் இளகிய இடம் உண்டு. நூறு ஆண்களை எடுத்துக்கொண்டால் 27 முதல் 43 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது தொடையிடுக்கில் குடலிறக்கம் வரும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. பெண்களில் இது 3 முதல் 6 பேர்.

முதுமையில் இது ஏன் கூடுகிறது? தசைகளைப் பிணைத்து வைக்கும் நார்த்திசு வயதோடு தளர்ந்துபோகிறது. அதன்மேல் உள்ளிருந்து அழுத்தமும் சேர்கிறது. பல வருடம் பீடி குடித்தவரின் விடாத இருமல், புராஸ்டேட் வீங்கியதால் முக்கி முக்கிச் சிறுநீர் கழிப்பது, மலச்சிக்கல் ஆகியவை ஒவ்வொரு நாளும் அந்த இளகிய இடத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. சைக்கிள் டயரில் ஒரு கிழிசல் விழுந்தால் உள்ளே இருக்கும் டியூப் அதன் வழியாகப் பிதுங்குமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. பிதுங்குவது குடலாக இருக்கலாம், குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்பாகவும் இருக்கலாம். டியூபை உள்ளே தள்ளிவிட்டால் கிழிசல் அடைபடாது. வயிற்றுச் சுவரும் அப்படியே. மாத்திரையாலோ தைலத்தாலோ உடற்பயிற்சியாலோ அந்த ஓட்டை மூடாது. மருந்துக் கடையில் விற்கும் ஹெர்னியா பெல்ட் பிதுக்கத்தை அமுக்கி வைக்குமே தவிர குணப்படுத்தாது. உள்ளே போகாத குடலின் மேல் அந்த பெல்ட்டை இறுக்கிக் கட்டுவது ஆபத்து.

பெரும்பாலான பெரியவர்கள் இதோடு பல வருடம் பழகியிருப்பார்கள். நின்றால் எலுமிச்சை அளவில் புடைத்துத் தெரியும், படுத்தால் போய்விடும். இருமல் வந்தால் கை தானாக வேட்டிக்கு மேல் இடுக்கை அழுத்திக்கொள்ளும். பஸ்ஸுக்கு நிற்கும்போது அதை உள்ளே தள்ளிவிட்டுக்கொள்வார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. மருத்துவரிடம் போனாலும் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. நிற்கவைத்து, இருமச் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும். பெரும்பாலும் அந்த ஒரு பரிசோதனையே போதும். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுப்பார்கள்.

காத்திருந்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. வட அமெரிக்காவில், தொந்தரவு இல்லாத அல்லது லேசான தொந்தரவு மட்டும் உள்ள 720 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அறுவை செய்தார்கள், இன்னொரு குழுவைக் கண்காணித்தார்கள். முடிவு 2006இல் வெளியானது. கண்காணிப்புக் குழுவில் குடல் திடீரென மாட்டிக்கொண்டது, ஆண்டுக்கு ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கும் குறைவு. அதாவது தொந்தரவு தராத குடலிறக்கம் உள்ள ஓர் ஆண் காத்திருப்பதில் தவறில்லை. "உடனே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து" என்று அவரை யாராவது பயமுறுத்தினால் அது நியாயமில்லை.

அதே ஆய்வின் தொடர்ச்சி 2013இல் வந்தது. பத்து ஆண்டுகளுக்குள் கண்காணிப்புக் குழுவில் 68 சதவீதம் பேர் அறுவைக்கு வந்துவிட்டார்கள் என்பது அதன் கணிப்பு. 65 வயதைத் தாண்டியவர்களில் அது 79 சதவீதம். வந்தவர்கள் பெரும்பாலும் வலி தாங்காமல் வந்தவர்கள். இதை வீட்டில் உட்கார்ந்து நன்றாக யோசிக்க வேண்டும். எழுபது வயதில் வேண்டாம் என்று சொன்னவர் எழுபத்தெட்டில் அதே மேசைக்கு வரப்போகிறார் என்றால், இடைப்பட்ட எட்டு வருடத்தில் அவருடைய இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் இப்போதைவிட நன்றாகவா இருக்கப் போகின்றன?

இன்னும் கனமான எண்கள் ஸ்வீடனிலிருந்து வருகின்றன. அங்கே குடலிறக்க அறுவைகளைத் தேசிய அளவில் பதிவுசெய்யும் ஒரு பதிவேடு இருக்கிறது. 1992 முதல் 2005 வரை நடந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை அலசிப் பார்த்தார்கள். நாள் குறித்து, நிதானமாகச் செய்த அறுவைகளில், அடுத்த முப்பது நாளில் இறந்தவர்களின் விகிதம் அதே வயதுள்ள பொதுமக்களைவிட அதிகமாக இல்லை. அவசரத்தில் செய்த அறுவைகளில் அது ஏழு மடங்காக இருந்தது. குடல் அழுகி, ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டி வந்தவர்களில் இருபது மடங்கு.

இந்த மூன்று வரிகளைத்தான் "வயசாயிடுச்சே" என்று தயங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். முதியவர்களை இந்த நோயில் கொல்வது பெரும்பாலும் அவசரம்தான். எண்பது வயதுக்காரர் காலையில் வெறும் வயிற்றில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க, பழகிய மருத்துவக் குழுவிடம் படுப்பது ஒரு நிலைமை. அவரே இரண்டு நாள் வாந்தியில் நீர்ச்சத்து வற்றி, சிறுநீரகம் தளர்ந்து, குடல் கறுத்து, விடியற்காலை மூன்று மணிக்கு வந்து படுப்பது முற்றிலும் வேறு நிலைமை.

குடல் மாட்டிக்கொண்டால் எப்படித் தெரியும்? வழக்கமாக உள்ளே போகிற புடைப்பு போகாது, கல்லாக இறுகும், தொட்டால் வலிக்கும். பிறகு வயிறு உப்பும், வாந்தி வரும், மலமும் காற்றும் நின்றுவிடும். மேல்தோல் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ ரத்த ஓட்டம் நின்று குடல் சாகத் தொடங்கியிருக்கலாம். இதற்கெல்லாம் நாள் கணக்கில் அவகாசம் கிடையாது, மணிக்கணக்குதான். முதியவர்களிடம் இந்த அறிகுறிகள் மங்கலாகவும் இருக்கும். வலி பெரிதாகத் தெரியாமல், சாப்பாட்டை மறுத்து, சோர்ந்து, பேச்சு குழம்பிக் கிடக்கலாம். அந்த நேரத்தில் எண்ணெய் தடவி உருவிவிடுவது, ஒத்தடம் கொடுப்பது, பலமாக உள்ளே அழுத்துவது எதுவும் கூடாது. பேதி மாத்திரை கூடவே கூடாது. வாய்வழியாக எதுவும் கொடுக்காமல், இரவிலும் அறுவை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போய்விட வேண்டும்.

பெண்களின் கதை வேறு

மேலே சொன்ன "காத்திருக்கலாம்" என்பது ஆண்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு. பெண்களுக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. தொடையிடுக்கு மடிப்புக்குக் கீழே, தொடைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் இன்னொரு குறுகிய வாய் இருக்கிறது. அதன் வழியாக வருவதைத் தொடைக் குடலிறக்கம் என்பார்கள். வயதான பெண்களிடம், அதிலும் மெலிந்த உடல்வாகு உள்ளவர்களிடம் இது அதிகம். அந்த வாயின் விளிம்புகள் இறுக்கமானவை, விரிந்து கொடுக்காது. உள்ளே நுழைந்த குடல் சுலபத்தில் மாட்டிக்கொள்ளும். பிரிட்டனில் 1991இல் வெளியான ஓர் ஆய்வு, தொடைக் குடலிறக்கம் தோன்றி மூன்று மாதத்துக்குள் குடல் நெரிபடும் வாய்ப்பு 22 சதவீதம் என்றும், 21 மாதத்துக்குள் 45 சதவீதம் என்றும் கணக்கிட்டது. இங்கே காத்திருப்பதற்கு இடமே இல்லை. கண்டுபிடித்தவுடன் நாள் குறித்துவிட வேண்டும், வயது எதுவாக இருந்தாலும்.

சிக்கல் என்னவென்றால், அது நெல்லிக்காய் அளவுகூட இருக்காது. புடவைக் கொசுவத்துக்குக் கீழே, யாரும் பார்க்காத இடத்தில் இருக்கும். மகளிடம்கூடச் சொல்லக் கூச்சப்படும் பாட்டி மருத்துவரிடம் எப்படிச் சொல்வார்? இரண்டு நாளாக வாந்தி, வயிறு வீக்கம் என்று வருவார். வாயுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். முன்பு வயிற்றில் அறுவையே நடக்காத ஒரு முதிய பெண்ணுக்குக் குடல் அடைப்பு என்றால், இரண்டு தொடையிடுக்கையும் துணி விலக்கிப் பார்க்காமல் விடக் கூடாது. இது மருத்துவர்களுக்குப் படிக்கும்போதே சொல்லிக்கொடுக்கும் பாடம். கூட இருப்பவர்களும் தெரிந்து வைத்திருந்தால் நல்லது. "அம்மாச்சி, கவட்டியில ஏதாவது கட்டி மாதிரி இருக்கா?" என்று பேத்தி ஒரு வார்த்தை கேட்டால் ஓர் உயிர் தப்பலாம்.

யாருக்குச் செய்வது, யாருக்கு விட்டுவிடுவது

பிறந்த தேதியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. தானே சந்தைக்கு நடந்து போய் வருகிற, நிற்காமல் இரண்டு மாடி ஏறுகிற எண்பத்திரண்டு வயதுக்காரரைவிட, கட்டிலிலிருந்து எழவே ஆள் வேண்டியிருக்கும் அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு அறுவையின் சுமை அதிகம். வலி, புடைப்பு பெரிதாகிக்கொண்டே போவது, ஒருமுறை மாட்டிக்கொண்டு பிறகு உள்ளே போனது, விரைப்பை வரை இறங்கி நடக்கவே தடையாக இருப்பது ஆகியவை இருந்தால் அறுவைதான் சரி. புடைப்பு மட்டும் இருக்கிறது, சுலபமாக உள்ளே போகிறது, வலியில்லை, ஆனால் இதயமோ நுரையீரலோ மோசமான நிலையில் இருக்கிறது என்றால் விட்டுவிட்டுக் கண்காணிப்பது முழுமையான மருத்துவ முடிவுதான். கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். படுத்த படுக்கையாக, நினைவு தவறி இருப்பவரை எல்லாருக்கும் செய்கிறார்களே என்று அறுவைக்கு இழுத்துப் போவதையும் நான் ஒப்ப மாட்டேன்.

ஊசி எந்த இடத்தில்?

நம் ஊரில் குடலிறக்க அறுவை என்றாலே முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பதுதான் வழக்கம். பலருக்கும் அது நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆனால் முதியவர்களுக்கு அதனால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு அன்றிரவு சிறுநீர் வராமல் குழாய் போட வேண்டி வரலாம். பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 2018இல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்களுக்கு முதுகு ஊசியைவிட அறுவை செய்யும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வதையோ முழு மயக்கத்தையோ பரிந்துரைக்கிறது.

இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வது பலருக்கும் தெரியாத ஒரு வழி. பல் பிடுங்கும்போது போடுவது போன்ற அதே வகை மருந்தை, கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வோர் அடுக்கிலும் செலுத்திக்கொண்டே திறந்து போவார்கள். பெரியவர் விழித்திருந்து பேசிக்கொண்டே இருப்பார். மூச்சுக்குக் குழாய் வேண்டாம். முடிந்த சற்று நேரத்தில் எழுந்து உட்காரலாம். இதயம் பலவீனமானவருக்குக்கூட இந்த முறையில் துணிந்து செய்ய முடியும். ஒரே நிபந்தனை, இதில் கை பழகிய சர்ஜன் வேண்டும். அவசரக் கைக்கு இது ஒத்துவராது. மிகப் பெரிய குடலிறக்கத்துக்கும் பொருந்தாது. "லோக்கல்ல பண்ண முடியுமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை. முடியாது என்றால் ஏன் என்று அவர் சொல்வார்.

அந்த வலை

எடோர்டோ பாசினி என்ற இத்தாலிய அறுவை மருத்துவர் பாதுவா நகரில் 1880களில் வகுத்த முறைதான் நவீன குடலிறக்க அறுவையின் தொடக்கம். தளர்ந்த தசையை இழுத்துப் பிடித்துத் தைப்பது அந்த முறை. இழுத்துத் தைத்த இடம் வலிக்கும். தளர்ந்த திசு என்பதால் நாளடைவில் தையல் அறுத்துக்கொண்டு திரும்பவும் பிதுங்கும். 1958இல் ஃபிரான்சிஸ் அஷர் என்ற அமெரிக்கர் பிளாஸ்டிக் வலையைக் கொண்டுவந்தார். 1980களில் லாஸ் ஏஞ்சலிஸில் இர்விங் லிச்டென்ஸ்டைன், தசையை இழுக்காமலேயே ஓட்டையின் மேல் அந்த வலையை வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். இப்போது நம் மாவட்ட மருத்துவமனைகளில் நடப்பதும் பெரும்பாலும் அதுதான். உள்ளங்கையைவிடச் சற்று நீளமான வலைத்துண்டு ஒன்று உள்ளே நிரந்தரமாக இருக்கும். உடலின் நார்த்திசு அதன் கண்களுக்குள் வளர்ந்து பின்னிக்கொள்ளும்.

"உள்ள பிளாஸ்டிக் வைக்கிறாங்களாமே" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வலை வைத்த பிறகு திரும்பவும் வருவது வெகுவாகக் குறைந்திருக்கிறது, சீழ் பிடிப்பது அபூர்வம். விலையும் ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தின் தொண்டாய்ச்சா என்ற சிற்றூரில் ரவீந்திரநாத் தொங்காவ்கர் என்ற மருத்துவர், கொசுவலைத் துணியையே கிருமி நீக்கி ஏழைகளுக்கு வைத்துப் பார்த்து, நன்றாகப் பிடிக்கிறது என்று காட்டினார். பிறகு உகாண்டாவில் 302 ஆண்களிடம் கொசுவலைத் துணியையும் விலையுயர்ந்த வலையையும் ஒப்பிட்டு முறையாக ஆய்வு நடந்தது. 2016இல் வெளியான அதன் முடிவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வலையின் பிராண்டைக் காட்டிப் பெரிய தொகை கேட்டால் காரணம் கேளுங்கள். இதற்காக வீட்டு நகையை அடகு வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

சிறு துளைகள் வழியே உள்ளிருந்து பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பியும் நல்ல முறைதான். வலி குறைவு, சீக்கிரம் நடமாடலாம். இரண்டு பக்கமும் இருந்தாலோ, முன்பு திறந்து செய்த பக்கத்தில் திரும்ப வந்தாலோ அது மேல். பெண்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறார்கள், ஏனென்றால் தொடைக் குடலிறக்கம் ஒளிந்திருந்தாலும் உள்ளிருந்து பார்க்கும்போது தெரிந்துவிடும், ஒரே வலையால் இரண்டு வாயையும் மூடிவிடலாம். ஆனால் அதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டும். முன்பே புராஸ்டேட் அறுவை நடந்திருந்தால் கடினம். ஒரு பக்கம் மட்டும் குடலிறக்கம் உள்ள, மூச்சுத் தொல்லை உள்ள ஒரு தாத்தாவுக்கு, இடத்தை மரத்துப்போகச் செய்து திறந்து செய்வது பழைய முறை என்று ஒதுக்க வேண்டியதில்லை. அவருக்கு அதுவே சிறந்ததாக இருக்கலாம்.

போகும் முன்பு

வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும், அட்டையோடு, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "பிரஷர் மாத்திரை, வெள்ளையா இருக்கும்" என்பது பயன்படாது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை முக்கியம். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். குளோபிடோக்ரெலையும் வார்ஃபரினையும் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்லலாம். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக எதையும் நிறுத்திவிடக் கூடாது, அது மாரடைப்பில் போய் முடியலாம். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் இப்போது அதிகம். இவற்றை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சரியாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். சர்ஜன் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.

இருமல், மலச்சிக்கல், சிறுநீர்த் தடை மூன்றையும் முதலில் சரிசெய்துகொள்வது நல்லது. பீடி, சிகரெட்டை நான்கு வாரமாவது முன்னதாக நிறுத்தினால் மூச்சுத் தொல்லையும் குறையும், காயமும் நன்றாக ஆறும். புதிதாகக் குடலிறக்கம் வந்ததோடு மலம் கழிக்கும் வழக்கமும் மாறியிருந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், அதைத் தனியாகச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு

அன்று மாலையே எழுந்து நடக்கலாம், நடக்க வேண்டும். படுத்தே கிடப்பதுதான் முதியவருக்கு நல்லதில்லை. முதல் கவலை சிறுநீர். வயிறு முட்டியும் வரவில்லை என்றால் காத்திருக்காமல் செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும். இரவில் சிலர் இடம் தெரியாமல் குழம்பிப் பேசுவார்கள். கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதும், பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருப்பதும் அதைக் குறைக்கும்.

வலிக்கு முதலில் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை பிரஷர் மாத்திரை சாப்பிடும் முதியவரின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். டிராமடால் மலத்தைக் கட்டும், மனதையும் குழப்பும். கடையில் தானாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மலம் இளகுவதற்கு நீர் நிறைய, கீரை, பழம், தேவைப்பட்டால் இசப்கோல். குந்தி உட்கார்ந்து எழும்போது இழுத்துப் பிடிக்கும் என்பதால் முதல் சில நாளுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் வசதி.

நான்காம் ஐந்தாம் நாளில் விரைப்பை கறுநீலமாகி வீங்குவதைப் பார்த்து வீடே பதறும். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் இறங்கி வருவதுதான் அது, தானாக வடிந்துவிடும். முன்பு புடைப்பு இருந்த அதே இடத்தில் நீர் கோர்த்து, திரும்ப வந்துவிட்டதோ என்று தோன்றவும் செய்யும். பெரும்பாலும் சில வாரத்தில் வற்றிவிடும். ஊசியால் உறிஞ்சச் சொல்லி நெருக்க வேண்டாம், கிருமி உள்ளே போக வழியாகும். வலி ஏறிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், காயத்தில் சீழ் வடிந்தால்தான் உடனே ஓட வேண்டும். தழும்புக்குக் கீழே சிறிது மரமரப்பு நிலைக்கலாம். நூறில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மூன்று மாதம் கடந்தும் ஓரளவு வலி தங்கும். இதை அறுவைக்கு முன்பே சொல்ல வேண்டும். முதியவர்களைவிட இளையவர்களுக்கே அது அதிகம்.

எத்தனை நாள் ஓய்வு? முன்பு வாரக்கணக்கில் படுக்கவைத்தார்கள். இப்போதைய சர்வதேச வழிகாட்டுதல், வலி அனுமதிக்கும் வேலையைச் செய்யத் தொடங்கலாம், மூன்று முதல் ஐந்து நாளில் சாதாரண நடமாட்டம் வந்துவிடும் என்கிறது. தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் தூக்குவதை மட்டும் உங்கள் சர்ஜன் சொல்லும் வாரக் கணக்குப்படி தள்ளிப்போடுங்கள். ஒரு பக்கம் செய்துகொண்டவருக்கு மறுபக்கமும் பின்னாளில் வரலாம். தையல் பிரித்ததோடு மறந்துவிடாமல், குளிக்கும்போது இரண்டு பக்கத்தையும் கையால் தடவிப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.